ஏலகிரி ஏற மறுத்த சிறிய டீசல் கார்: பூஸ்ட் அழுத்தக் குறைவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோடை விடுமுறை தொடங்கிய வாரம், காட்பாடியில் வசிக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் சிறிய டீசல் காரை வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நான்கு சிலிண்டர், 1248 சி.சி. எஞ்சின். வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் உண்டு. டர்போ, உள்ளே இதழ்கள் திரும்பும் வகை. ஓடியிருந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். எஞ்சின் ஆயில் நேரத்துக்கு மாற்றிவந்திருக்கிறார், பில்களும் வைத்திருந்தார். சொந்தமாக வாங்கி, சொந்தமாக ஓட்டும் வண்டி.

அவர் குடும்பத்தோடு ஏலகிரி போயிருக்கிறார். பொன்னேரியில் மலைச்சாலை ஆரம்பித்ததுமே வண்டி தவிக்கத் தொடங்கிவிட்டது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் முதல் கியரிலேயே ஏற வேண்டியிருந்ததாம். பின்னால் கரும்புகை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாராம். இறங்கி வந்ததும் வழக்கமாகப் போகும் இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் மாற்றினார்கள், எரிந்த புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வைச் சுத்தம் செய்தார்கள். பலன் இல்லை. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு, எங்கள் பேச்சில் ‘கோடு’, வந்தது. டர்போவை மாற்ற வேண்டும் என்று சொல்லி எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டார்கள்.

“தம்பி, டர்போ போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அவ்ளோ காசு போட்டு மாத்தறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தரம் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

பி0299 என்பது பூஸ்ட் அழுத்தம், அதாவது டர்போ தள்ளித் தரும் காற்றழுத்தம், எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு வரவில்லை என்ற தகவல் மட்டுமே. டர்போ வண்டிக்கும், புகைக்குப் பதில் பெல்ட்டால் சுற்றிக் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர் வண்டிக்கும் அதே கோடுதான். எந்த உறுப்பு கெட்டது என்று அது சொல்வதில்லை. காற்று உள்ளே நுழையும் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குள் போகும் வரை எங்கே எது குறைந்தாலும் இந்தக் கோடு வரும். ஆகவே டர்போவைக் கழற்றும் பேச்சே வேண்டாம், முதலில் அளந்து பார்ப்போம் என்று அவரிடம் சொன்னோம். ஒரு நாள் வண்டியை விட்டுப் போகச் சம்மதித்தார்.

ஓட்டாமல் பார்த்தவை

சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் மேப் சென்சார் அளவைப் பார்ப்பது எங்கள் முதல் வேலை. எஞ்சினின் காற்று வாசலான மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளப்பது அந்தச் சென்சார். எஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். வேலூர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால், இங்கே அது ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல் வரும். ஸ்கேனர் 98 காட்டியது. கம்ப்யூட்டரில் உள்ள வெளிக்காற்றுச் சென்சாரும் அதே அளவு. இரண்டும் ஒத்துப்போனால் சென்சார் அடிமட்டத்தில் சரி. மேல்மட்டத்தில் சரியா என்பது தனிக் கேள்வி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம் மெக்கானிக்குகள் பலர் குழம்பும் இடம் இது. ஸ்கேனர் காட்டுவது வெற்றிடத்திலிருந்து கணக்கிட்ட முழு அழுத்தம். கையில் பிடிக்கும் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பது. கேஜில் அரை பார், அதாவது 50 கிலோபாஸ்கல், என்றால் வேலூரில் ஸ்கேனரில் 148. அதே அரை பார் ஏலகிரியின் உச்சியில் 139தான், ஏனென்றால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே 89 அளவில்தான் இருக்கும். ஏற்கெனவே பூஸ்ட் குறைந்த வண்டி சமவெளியில் ஓரளவு சமாளித்துவிட்டு மலையில் படுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஏற்றத்தின் பாரம் இன்னொரு காரணம்.

பிறகு டர்போவைக் கண்ணால் பார்த்தோம். ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது டர்போவின் சக்கரத்தை விரலால் சுழற்றினோம். தடையில்லாமல் சுற்றியது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருந்தது. அது ஆயில் படலத்துக்கான இடைவெளி, எல்லா டர்போவிலும் உண்டு. சக்கரத்தின் இறக்கை நுனி கூட்டில் உரசிய தடம் இல்லை. குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தது. எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக வரும் ஆவி அப்படிப் படிவது வழக்கம். தேங்கி நிற்கும் அளவுக்கு ஆயில் இல்லை. இதை மட்டும் வைத்தே டர்போ நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்ல ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை.

ஓட்டி எடுத்த அளவுகள்

நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பூஸ்ட் பார்ப்பதில் பயனில்லை. பாரம் இல்லாத எஞ்சின் குறைவான புகையைத்தான் தள்ளும், டர்போ வேகமெடுக்காது. அதனால் காலையில் நெரிசல் இல்லாத நேரத்தில் அமிர்தி சாலைக்குப் போனோம். ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்த்தார். மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்து முழு மிதி மிதித்து 3,500 வரை. மேனிஃபோல்டுக்கு முன்னால் உள்ள ஹோஸில் டி-ஜாயிண்ட் போட்டு, கேஜ் ஒன்றையும் காருக்குள் இழுத்து வைத்திருந்தோம்.

2,500 சுற்றில் கம்ப்யூட்டர் கேட்டது 215 கிலோபாஸ்கல். வந்தது 150. கேஜ் 0.52 பார் காட்டியது. 98-உடன் 52 சேர்ந்தால் 150. இரண்டும் ஒத்துப்போகிறது, ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை. அழுத்தம் உண்மையிலேயே குறைவு.

அடுத்து பார்த்த அளவுதான் இந்த வேலையின் திறவுகோல் என்று நினைக்கிறேன். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர்ஃப்ளோ சென்சார், உள்ளே நுழையும் காற்றை எடை போடுகிறது. மேப் சென்சார் கடைசியில் எஞ்சின் வாசலில் எவ்வளவு அழுத்தம் வந்து சேர்ந்தது என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் டர்போ, இன்டர்கூலர், ஹோஸ்கள். உள்ளே போனதும் வந்து சேர்ந்ததும் ஒரே கணக்கில் பொருந்த வேண்டும். இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போடலாம். 1248 சி.சி. எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 2,500 சுற்றில் அது நொடிக்கு 26 லிட்டர். அழுத்தம் 150, காற்றின் வெப்பம் 50 டிகிரி என்றால் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.6 கிராம். சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை என்பதற்காக ஒரு பங்கைக் கழித்தால் நொடிக்கு 37 கிராம் வரும். சென்சார் காட்டியது 41. முழு மிதியில் ஈஜிஆர் மூடியிருப்பதால் அது கணக்கைக் கெடுக்காது.

நான்கு கிராம் வித்தியாசம் சந்தேகத்துக்கு இடம் தந்தது, ஆனால் ஓட்டை என்று உறுதியாகச் சொல்லப் போதாது. நுழையும் காற்றே குறைவு என்பதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது. காற்று நிறைய நுழைந்தும் அழுத்தம் இல்லாவிட்டால் வழியில் எங்கோ ஒழுகுகிறது. நுழைவதே குறைவாக இருந்தால் டர்போ வேகமெடுக்கவில்லை அல்லது நுழைவாயில் அடைத்திருக்கிறது. ஏர் ஃபில்டர் புதியது. ஆகவே டர்போவின் இதழ்களைத் திருப்பும் ஏற்பாட்டிலிருந்து தொடங்கத் தீர்மானித்தோம்.

முதல் குறை: வேக்குவம் ஹோஸ்

இந்த டர்போவின் இதழ்களை ஒரு தண்டு திருப்புகிறது. தண்டை இழுப்பது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். எஞ்சினோடு சுற்றும் பம்பில் உருவாகும் வேக்குவத்தை, மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு தேவைக்கேற்ப அளந்து அனுப்பும். வேக்குவம் முழுதாக வந்தால் இதழ்கள் நெருங்கி, புகை குறுகிய வழியில் சீறிப் பாய்ந்து சக்கரத்தை வேகமாகச் சுழற்றும். வேக்குவம் போய்விட்டால் இதழ்கள் விரிந்துவிடும், பூஸ்ட் விழும். எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பம்பின் வாயில் 0.88 பார் வேக்குவம் இருந்தது. நல்ல அளவு. கை பம்பை நேரடியாகத் தண்டை இழுக்கும் டப்பாவில் மாட்டி இழுத்தோம். தண்டு சீராக மேலேறி நின்றது, ஊசி இறங்கவில்லை. டப்பாவின் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு கிழியவில்லை என்று அர்த்தம். சோலனாய்டுக்கு முன்னால் முழு வேக்குவம். பின்னால் வரும் ஹோஸின் கடைசி நுனியில் கேஜ் வைத்தால் பாதிதான், அதுவும் ஆடியது.

அந்த ஹோஸ் டர்போவுக்குப் பக்கத்தில் வளைந்து போகிறது. வருடக்கணக்கில் வெந்து, தொட்டால் பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது. வளைவின் வெளிப்பக்கம் நகத்தால் கீறிய மாதிரி ஒரு விரிசல். நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும், இருந்த இடத்தில் வளைத்து வைத்தால் வாய் திறக்கும். சோலனாய்டிலிருந்து டப்பா வரை முழு நீளத்துக்கும் வெப்பம் தாங்கும் புது ஹோஸ் போட்டோம். விரிசல் பகுதியை மட்டும் வெட்டிச் சேர்த்திருக்கலாம், ஆனால் அதே வயது, அதே சூடு பட்ட மீதிப் பகுதி எத்தனை நாள் தாங்கும்?

மறுபடி அமிர்தி சாலை. அழுத்தம் 185. வண்டியின் பிக்கப் ஓட்டும்போதே தெரிந்தது.

நிறுத்தாமல் தொடர்ந்ததன் காரணம்

ஆசிரியர் மாலையில் வந்து ஓட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. “போதும் தம்பி, பழையபடி இழுக்குது” என்றார். எங்கள் இளம் மெக்கானிக்குக்கும் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம்தான். அந்த இடத்தில் வண்டியை விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் ஏர்ஃப்ளோ அளவு. அழுத்தம் 185-க்குக் காகிதக் கணக்கு நொடிக்கு 46 கிராம். சென்சார் காட்டியது 54. டர்போ இப்போது வேகமாகச் சுற்றி நிறையக் காற்றை விழுங்குகிறது, ஆனால் எட்டு கிராம் எஞ்சினை வந்து சேரவில்லை. முதல் ஓட்டத்தில் நான்கு கிராமாக ஒளிந்திருந்த ஓட்டை, அழுத்தம் ஏறியதும் இரட்டிப்பாகி வெளியே வந்துவிட்டது.

கரும்புகைக்கும் இதுவே விளக்கம். நுழைந்த காற்றின் எடையை நம்பித்தான் கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிறது. வழியில் ஒழுகியது அதற்குத் தெரியாது. இல்லாத காற்றுக்கும் சேர்த்து டீசல் போகும், எரியாதது கரியாக வெளியேறும். அதோடு, கேட்ட 215 வராதவரை கம்ப்யூட்டர் இதழ்களை நெருக்கிக்கொண்டே இருக்கும், டர்போ தேவைக்கு மேல் சுற்றும். ஓட்டையோடு ஓட்டினால் நல்ல டர்போவும் தேய்ந்துபோகும். இதை ஆசிரியரிடம் அளவுகளைக் காட்டிச் சொன்னோம். “சார், இன்னொரு நாள் குடுங்க, இது பாதி வேலைதான்” என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்துப் போனார்.

இரண்டாவது குறை: இன்டர்கூலர் ஹோஸ்

ஓட்டையைத் தேட, டர்போவிலிருந்து புறப்படும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் பிவிசி மூடியில் டயர் வால்வு பொருத்திய ஒரு அடைப்பை கிளாம்ப் போட்டு இறுக்கினோம். கம்ப்ரசர் காற்றை ரெகுலேட்டர் வைத்து ஒரு பாருக்குக் கீழே குறைத்துத்தான் விட வேண்டும். ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாக விட்டால் அடைப்பு பிய்ந்து முகத்தில் அடிக்கும், இன்டர்கூலரும் உடையும். கியர் நியூட்ரலில், கை பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகாமல், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துச் செய்தோம். திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தாண்டிக் கசியும், அது குறையல்ல. அதனால் கேஜ் ஊசி மெல்ல இறங்குவதைப் பார்த்துப் பதறாமல், சோப்புத்தண்ணியில் குமிழ் எங்கே வருகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எங்கும் குமிழ் வரவில்லை. இன்டர்கூலரின் பிளாஸ்டிக் ஓரம், கிளாம்ப்கள், மேனிஃபோல்டு வாசல் எல்லாம் காய்ந்திருந்தன. வண்டி ஆறியிருந்தது, ரப்பரும் இறுகியிருந்தது.

காரை ஜாக்கில் தூக்கி, பம்பருக்குக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ஹோஸின் அடிவயிற்றில், ஒரு விரல் நீளத்துக்குச் செம்மண் தூசி எண்ணெயோடு குழைந்து அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் தூசி, துடைத்தால் உதிர்ந்தது. இது மட்டும் பசை. துணியால் வழித்ததும் கீழே ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் பின்னல் தெரிந்தது. அந்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பிடிக்க, சோப்புத்தண்ணி நுரைத்துக் கொப்பளித்தது. ஹோஸுக்கு நேர் கீழே ஒரு இரும்பு பிராக்கெட். அதன் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் இல்லை.

கேட்டபோதுதான் ஆசிரியருக்கு ஞாபகம் வந்தது. முந்தைய தீபாவளிக்குப் பிறகு ஒரு பைக் இடித்து, முன் பம்பரைக் கழற்றி டிங்கரிங் வேலை செய்திருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது புஷ் விட்டுப்போயிருக்கிறது. பிராக்கெட் கொஞ்சம் மேலேறி, எஞ்சின் அசையும் ஒவ்வொரு முறையும் ஹோஸை அறுத்திருக்கிறது. பாரம் ஏறி எஞ்சின் சாயும்போது, சூட்டில் ரப்பர் இளகி அழுத்தத்தில் உப்பும்போது, பிளவு விரியும். நிறுத்தி ஆறவைத்தால் மூடிக்கொள்ளும்.

ஹோஸை ஒட்டிச் சமாளிப்பது பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. கம்பெனி ஹோஸ் வரவழைத்து, புது கிளாம்ப், புது புஷ் போட்டு, பிராக்கெட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவில் விரல் போகும் இடைவெளி வைத்து முடித்தோம்.

பலன்

அதே சாலை, அதே கியர், அதே மிதி. கேட்டது 215, வந்தது 213. காற்று 53 கிராம், கணக்கிலும் 53. புகை இல்லை. ஸ்கேனரில் பி0299-ஐ அழித்த பிறகு அது திரும்ப வரவில்லை.

ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் மறுநாள் நாங்களே ஏலகிரி வரை ஓட்டினோம். இரண்டாம் கியரிலும் மூன்றிலுமாக ஏறியது. மேலே நிறுத்தி எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேப் 89. வெளிக்காற்றுச் சென்சாரும் அப்படியே. உயரத்தைச் சரியாக உணர்கிறது என்பதும் அத்தோடு உறுதியானது. மதியம் நாற்பது டிகிரி வெயிலில் இறங்கித் திரும்பும்போது பிக்கப் காலையைவிடக் கொஞ்சம் மந்தம்தான். சூடான காற்று இலேசானது. உள்ளே போகும் காற்று 45 டிகிரிக்குப் பதில் 60 டிகிரி என்றால் அதே அழுத்தத்தில் எடை சுமார் ஐந்து சதவீதம் குறையும். இதைக் குறை என்று எண்ணித் தேட வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

மொத்தச் செலவு டர்போ எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. டர்போவை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வேலையில் வேக்குவம் ஹோஸைக் கழற்றி மாட்டியே ஆக வேண்டும். புதிது போட்டிருந்தால் 185 வந்திருக்கும், புது டர்போவால் சரியானது என்று எல்லோரும் நம்பியிருப்போம். அடிவயிற்றில் அறுந்த ஹோஸோடு புது டர்போ ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது கை பம்பை மாட்டிப் பார்த்தோம். தண்டு நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் தயங்கி ஏறியது. மாதக்கணக்கில் கரும்புகை விட்டதன் கரி இதழ்களில் படிந்திருக்க வேண்டும். பூஸ்ட் அளவில் இன்னும் பாதிப்பு இல்லை. டர்போவைக் கழற்றாமல், படிந்த கரி கழிவதற்காக, வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா வரை நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னோம். அடுத்த சர்வீஸில் தயக்கம் குறைந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. அதை இன்னும் கவனித்து வருகிறோம்.

எங்கள் முறையில் மாறியவை

பூஸ்ட் குறைவு என்று வரும் வண்டிகளில் இப்போது காற்று அழுத்தச் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்கிறோம், ஒவ்வொரு ஹோஸையும் கையால் வளைத்துக்கொண்டே. கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கத் தோல் கையுறை வேண்டும். வண்டி வந்ததுமே, இதற்கு முன் பம்பர், ரேடியேட்டர், கிளட்ச் வேலை ஏதாவது நடந்ததா என்று கேட்டு ஜாப் கார்டில் எழுதுகிறோம். ஓட்டியவருக்கு அது சம்பந்தமில்லாததாகத் தோன்றும், அவராகச் சொல்ல மாட்டார்.

பெல்ட்டால் சுற்றும் சூப்பர்சார்ஜர் வண்டி எங்கள் பக்கம் வருவது அபூர்வம். வந்தாலும் இதே கணக்கு பொருந்தும், தேடும் இடம் மாறும். அங்கே இதழ்களும் வேக்குவம் தண்டும் கிடையாது. எஞ்சின் சுற்று ஏற ஏற அதுவும் வேகமாகச் சுற்றும். மேல் சுற்றில் மட்டும் பூஸ்ட் சரிந்தால் முதலில் பெல்ட்டும் அதை இறுக்கும் புல்லியும், எல்லாச் சுற்றிலும் குறைவென்றால் மூட மறுக்கும் பைபாஸ் வால்வோ ஒழுகும் ஹோஸோ. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் ஐடிலில் மேப் 30, 40 என்று வெளிக்காற்றைவிட மிகக் கீழே இருப்பது இயல்பு. டீசலில் அது வெளிக்காற்றுக்கு அருகிலேயே நிற்கும். டீசல் பழக்கத்தில் பெட்ரோல் வண்டியின் அந்த எண்ணைப் பார்த்துச் சென்சார் கெட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நல்ல நிலையில் சர்வீஸுக்கு வரும் டர்போ வண்டிகளிலும் சாவி ஆன் அளவு, 2,500 சுற்றில் முழு மிதி அழுத்தம், அதே நேரத்துக் காற்று எடை மூன்றையும் ஜாப் கார்டில் குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறோம். பத்து நிமிட வேலை. ஆசிரியரின் காருக்கு அப்படி ஒரு பழைய குறிப்பு இருந்திருந்தால், பம்பர் வேலைக்குப் பிறகு வந்த முதல் சர்வீஸிலேயே காற்று எடைக்கும் அழுத்தத்துக்கும் இடையில் விழுந்த இடைவெளி தெரிந்திருக்கும்.